எடை மேடைக் கணினியின் பின்பக்கம்: தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஈ.ஆர்.பி. பொருத்தம் குறித்த நிகழ்வு ஆய்வு

கோத்தகிரிக்கு அருகே உள்ள கொள்முதல் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் 2024ஆம் ஆண்டு புதிய ஈ.ஆர்.பி. மென்பொருள் (கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பது) நிறுவப்பட்டபோது, அங்கிருந்த கணினிகள் அதனோடு எங்கெங்கே ஒத்துப்போகவில்லை, அதற்கான காரணங்கள் எவ்வாறு கண்டறியப்பட்டன என்பதைப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். தொழிற்சாலையின் பெயரையும் மென்பொருளை விற்ற நிறுவனத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். குன்னூரில் இருந்தபடி மலையில் உள்ள அலுவலகங்களுக்குக் கணினிப் பராமரிப்பு செய்துவரும் நான், மென்பொருள் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் மாலையில்தான் அழைக்கப்பட்டேன். முதல் இரண்டு நாள்களில் நடந்தவற்றை அங்கிருந்த ஊழியர்கள் சொல்லக் கேட்டு எழுதுகிறேன். மற்றவை நானே பார்த்தவை.

கொள்முதல் தொழிற்சாலை என்பது தன் சொந்தத் தோட்டத்தை நம்பியிராமல், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை வாங்கித் தூளாக்கி விற்பது. நான்கு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பச்சைத் தேயிலையிலிருந்து ஒரு கிலோ தூள் கிடைக்கும். விவசாயி அன்றாடம் கொண்டுவரும் மூட்டைகள் எடை மேடையில் ஏற்றப்பட்டு, சாக்கின் எடையும் மழைநாளில் ஈரத்துக்கான கழிவும் போக, நிகர எடை ஒரு துண்டுச் சீட்டில் அச்சிடப்பட்டு அவர் கையில் தரப்படுகிறது. பணம் மாதக் கடைசியில்தான் கணக்கிடப்படும். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையை வைத்தே விவசாயி தனக்கு வரவேண்டியதைக் கணித்துக்கொள்கிறார். அதுவரை அந்தத் துண்டுச் சீட்டுதான் அவரிடம் உள்ள ஒரே சான்று. இந்த நிகழ்வின் எல்லாச் சிக்கல்களிலும் எடை மேடைக் கணினியின் சிக்கலை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் இதுவே.

ஈ.ஆர்.பி. வாங்க வேண்டிய தேவை அலுவலகப் பக்கத்திலிருந்து எழுந்தது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் ஜி.எஸ்.டி. வரிக்கான மின் விலைப்பட்டியல் கட்டாயமானது. அதற்குமுன் இலைக் கணக்கு ஒரு நிரலிலும், இருப்பும் ஏல அனுப்பீடும் மற்றொன்றிலும், பொதுக் கணக்கு வேறொன்றிலும் இருந்தன. இலைக் கணக்கு நிரல் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடா என்பதால், அந்த ஒரு நிரலுக்காகவே எடை மேடைக் கணினியில் 32 பிட் விண்டோஸ் 7 காப்பாற்றி வைக்கப்பட்டிருந்தது.

மென்பொருள் நிறுவனம் அனுப்பிய தேவைப் பட்டியல் அரைப் பக்கம். 64 பிட் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது, 2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இரட்டைக் கோர் ப்ராசசர், குறைந்தது 4 ஜி.பி. ரேம், நெட்வொர்க் இணைப்பு. அவ்வளவுதான். தொழிற்சாலையில் இருந்த 21 கணினிகளின் விவரங்களையும் அலுவலகத்தில் ஒருவர் எழுதி அனுப்ப, 17 பொருந்தும், 4 பொருந்தா என்று தொலைபேசியிலேயே முடிவு சொல்லப்பட்டது. பொருந்தாத நான்கில் எடை மேடைக் கணினி மட்டும் உடனே மாற்றப்பட்டது. மென்பொருள் ஓடத் தொடங்கியபோது, பொருந்தும் எனப்பட்ட 17இல் 9 கணினிகள் ஏதோ ஒரு வகையில் தடுமாறின. இவை போக, புதிதாக வாங்கி வைத்த எடை மேடைக் கணினியும் வேலை செய்யவில்லை.

எடை வராத மேடை

பழைய கணினியின் மதர்போர்டில் ஒன்பது ஊசிகள் கொண்ட சீரியல் போர்ட் (வெளிக்கருவிகளை இணைக்கும் பழைய வகைத் துளை) இருந்தது. எடையை எண்ணாகக் காட்டும் இன்டிகேட்டர் பல ஆண்டுகளாக அதன் வழியேதான் எடையை அனுப்பிவந்தது. புதிய கணினியில் அந்தப் போர்ட் இல்லை. தேவைப் பட்டியலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால் யாரும் பார்த்து வாங்கவில்லை. கடையிலிருந்து யூ.எஸ்.பி.–சீரியல் மாற்றி ஒன்றை வாங்கிச் செருகினார்கள். விண்டோஸின் கருவிப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில், பிழையைக் குறிக்கும் மஞ்சள் முக்கோணம் நின்றது. அந்த மாற்றியில் இருந்தது பழைய வகைச் சிப். புதிய டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) அதை ஏற்க மறுத்தது. இரண்டாவதாக வாங்கிய மாற்றியை விண்டோஸ் ஏற்றுக்கொண்டது, ஆனால் சீரியல் போர்ட்டுகளுக்குத் தரும் வரிசை எண்களில் காம் 7 என்பதை அதற்குக் கொடுத்தது. ஈ.ஆர்.பி.யின் எடைத் திரையிலோ காம் 1 முதல் காம் 4 வரைதான் தேர்ந்தெடுக்க முடியும். மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்திருந்த இளைஞர் டிவைஸ் மேனேஜரில் அந்த எண்ணைக் காம் 3 என மாற்றிவிட்டுச் சென்றார். மறுநாள் காலை தரை பெருக்கியவர் வயரைக் கழற்றி வேறு யூ.எஸ்.பி. துளையில் செருக, விண்டோஸ் அதைப் புதுக் கருவியாகக் கருதி எண்ணை மீண்டும் மாற்றியது.

நான் போய்ச் சேர்ந்தபோது எண் சரியாக இருந்தது, எடைதான் சரியில்லை. எடை போடும் ஊழியர் சொன்னது இது: "சார், இதுக்கு மனசு இருந்தா எடை காட்டுது, இல்லன்னா கோலம் போடுது." அவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, இன்டிகேட்டரில் தெரிந்த எண்ணையும் திரையில் வந்ததையும் ஒரு தாளில் அருகருகே எழுதினேன். 56.3 என்ற எடை அப்படியே வந்தது. 39.5 வந்தது. 42.1 வரவில்லை, நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாய்கோடும், இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மேலே தூக்கி எழுதிய சிறிய இரண்டும், ஒன்றுக்குப் பதிலாகக் கூட்டல் கழித்தல் குறியும் இருந்தன. பத்துப் பன்னிரண்டு மூட்டைகள் முடிந்ததும் தாளில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. 0, 3, 5, 6, 9 ஆகியவை எப்போதும் சரி; 1, 2, 4, 7, 8 ஆகியவை எப்போதும் பிழை.

காரணம் வெளிப்படையானது. அந்த இன்டிகேட்டர் ஓர் எழுத்துக்கு ஏழு பிட்டும் (பிட் என்பது 0 அல்லது 1), சரிபார்ப்புக்காக ஒன்றுகளின் எண்ணிக்கையை எப்போதும் இரட்டைப்படையாக்கும் இரட்டைப் பாரிட்டி பிட் ஒன்றும் அனுப்பும் பழைய முறையில் அமைக்கப்பட்டிருந்தது. ஈ.ஆர்.பி.யோ எட்டுப் பிட், பாரிட்டி இல்லை என்று எடுத்துக்கொண்டு படித்தது. இரண்டு முறைகளிலும் ஓர் எழுத்துக்கான மொத்த நீளம் ஒன்றே என்பதால் தொடர்பு அறுந்துபோகவில்லை. எந்த எண்களின் குறியீட்டில் ஒன்றுகள் ஏற்கெனவே இரட்டைப்படையாக உள்ளனவோ அவற்றுக்குப் பாரிட்டி பிட் பூஜ்யமாகி எண் சரியாகத் தெரிந்தது. ஒற்றைப்படையாக உள்ளவற்றில் அந்தப் பிட் ஒன்றாகி, எண் வேறொரு குறியாக மாறியது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தியதும் எல்லா எண்களும் வந்தன. ஆனால் அந்த மூன்று நாளும் ஊழியர் எடையைக் கண்ணால் பார்த்துக் கையால் தட்டச்சு செய்திருந்தார். எடை தானாகப் பதிவாக வேண்டும், இடையில் ஒருவர் கை படக்கூடாது என்பதற்காகத்தான் விவசாயிகள் கணினி எடையை ஏற்றுக்கொண்டார்கள். அந்த நம்பிக்கைக்கு இந்த மூன்று நாள்கள் நல்லதல்ல.

அதோடும் முடியவில்லை. மூட்டை வரத்து இல்லாத நண்பகல் வேளையில் கணினி சும்மா இருந்தால், மின்சேமிப்புக்காக விண்டோஸ் அந்த யூ.எஸ்.பி. துளையை உறங்க வைத்துவிடும். மாலையில் முதல் வண்டி வரும்போது எடை வராது. வயரைக் கழற்றிச் செருக வேண்டும். பச்சைத் தேயிலை சாக்கில் நெருக்கமாகக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த இலையில் நல்ல தூள் வராது. வரிசை நீள்வதை இலை பொறுத்துக்கொள்ளாது. மின்சேமிப்பு அமைப்பை அணைத்து ஒரு வாரம் சமாளித்தபின், மாற்றியையே தூக்கிவிட்டு, மதர்போர்டின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துளையில் சீரியல் போர்ட் அட்டை ஒன்றைப் பொருத்தி, அதைக் காம் 1 என நிலைப்படுத்தினேன். அன்றிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. எடை மேடை, பார்கோடு, அட்டை படிப்பான் என்று வெளிக்கருவி எதுவாக இருந்தாலும் அதை யூ.எஸ்.பி. மாற்றி வழியே நிரந்தரமாக ஓட்டலாம் என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. அலுவலக மேசைக்கு அது போதும். ஈரக் கையும் சேற்றுக்காலுமாக வேலை நடக்கும் கொட்டகைக்குப் போதாது.

சீட்டில் பெயர்

பழைய நிரல் சீட்டை ஆங்கில எழுத்தில் அச்சிட்டது. ஊசிகளால் புள்ளி புள்ளியாக அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குள்ளேயே உள்ள எழுத்துருவைப் பயன்படுத்தி, எழுத்துகளை அப்படியே அனுப்பியதால் ஒரு சீட்டு ஐந்து நொடிக்குள் வந்துவிடும். புதிய மென்பொருளின் பெரிய கவர்ச்சியே தமிழ்ப் பெயர்தான். பிரிண்டரின் உள் எழுத்துருவில் தமிழ் இல்லாததால், முழுச் சீட்டையும் ஒரு படமாக்கி விண்டோஸ் டிரைவர் வழியே அனுப்பியது. தலைப்பு, கோடு, எண் எல்லாமே புள்ளி புள்ளியாக வரையப்பட்டு, ஒரு சீட்டுக்கு அரை நிமிடத்துக்கு மேல் பிடித்தது. தாளின் நீளத்தை ஏ4 என்று எடுத்துக்கொண்டதால் ஒவ்வொரு சீட்டுக்கும் பின்னால் ஒரு சாண் வெறுந்தாள் ஓடியது. தாள் நீளத்தைச் சரிசெய்வது எளிது. பிரிண்டர் சர்வர் அமைப்பில் புதிய அளவு ஒன்றைச் சேர்த்தால் போதும். வேகத்துக்கு வழி காண்பது அத்தனை எளிதாக இருக்கவில்லை.

தாளைச் சூடாக்கி அச்சிடும் தெர்மல் பிரிண்டர் வாங்கச் சொன்னார்கள். படத்தையும் அது நொடியில் அச்சிடும் என்பது உண்மை. ஆனால் தெர்மல் தாளில் எழுத்து வெப்பத்திலும் பிளாஸ்டிக் உறையிலும் மங்கிவிடும். கார்பன் நகலும் எடுக்க முடியாது. பழைய சீட்டுகளை ஆண்டுக் கணக்கில் கட்டி வைத்துக் கணக்குக் கேட்கும் விவசாயிகள் உள்ள இடத்தில் அது சரியான மாற்று அல்ல என்று நான் எழுத்தாகவே தெரிவித்தேன். திரும்ப ஆங்கிலப் பெயருக்கே போய்விடலாம் என்ற யோசனையும் வந்தது. அந்த நேரத்தில் கொட்டகையில் நின்ற முதியவர் ஒருவர், முதல் நாள் வந்த தமிழ்ச் சீட்டை நீட்டி, "தம்பி, இதுலதான் என் பேரை நானே படிக்கிறேன். இதை எடுத்துடாதீங்க" என்றார். அதன்பின் அந்த யோசனையை யாரும் எடுக்கவில்லை.

வழி பிரிண்டரின் கட்டளைத் தொகுப்பிலேயே இருந்தது. இத்தகைய பிரிண்டர்கள் ஏற்கும் இ.எஸ்.சி./பி. கட்டளைகளில், ஒரு வரியை எழுத்தாகவும் அடுத்த வரியைப் படமாகவும் அனுப்ப இடமுண்டு. ஆகவே தமிழ்த் தலைப்புகளை முன்பே அச்சிட்ட தாளில் வைத்துக்கொண்டு, எடை, கழிவு, தேதி, உறுப்பினர் எண் ஆகியவற்றை எழுத்து முறையிலும், பெயர் உள்ள ஒரே ஒரு வரியை மட்டும் படமாகவும் அனுப்புமாறு மென்பொருள் நிறுவனத்தின் நிரலாளரைக் கேட்டேன். முதல் முயற்சியில் பெயர் வரி எட்டுப் புள்ளி உயரத்தில் வந்தது. ஒன்பது ஊசிப் பிரிண்டரில் ஊசிகளின் இடைவெளி அங்குலத்துக்கு 72 என்பதால், எட்டுப் புள்ளி என்றால் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது போதும். தமிழில் மேலே விசிறியும் கீழே வளைவும் வரவேண்டும். இகரமும் ஈகாரமும் ஒன்றாகத் தெரிந்தன, 'கு'வும் 'கூ'வும் ஒரே கறையாக இருந்தன. பெயர்கள் இப்படிக் குழம்பி இரண்டு விவசாயிகளின் சீட்டு இடம் மாறியதைப் பார்த்தபின், பெயர் வரியை இரண்டு ஓட்டத்தில் 16 புள்ளி உயரமாக அச்சிட ஏற்பாடு செய்யப்பட்டது. இப்போது ஒரு சீட்டு எட்டு, ஒன்பது நொடியில் வருகிறது; பெயர் தெளிவாக இருக்கிறது. என் பணிக்காலத்தில் எனக்கு மிகுந்த நிறைவு தந்த வேலைகளில் இதுவும் ஒன்று.

தேதி தவறிய கணினிகள்

அலுவலகத்தில் தடுமாறிய ஒன்பதில் இரண்டு, காலையில் ஈ.ஆர்.பி. பக்கத்தைத் திறந்தாலே இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று மறுத்தன. இவை பழைய கணினிகள், மென்பொருளைத் தாங்கவில்லை என்று முடிவு கட்டி, மாற்றுவதற்கான பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். திரையின் வலது மூலையைப் பார்த்திருந்தால் போதும். ஒன்றில் தேதி பத்து ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் இருந்தது. இணைப்பு நம்பத்தக்கது எனக் காட்டும் சர்வரின் டிஜிட்டல் சான்றிதழ் செல்லுபடியாகத் தொடங்கும் நாளே அந்தக் கணினியின் கணக்குப்படி இன்னும் வரவில்லை.

மதர்போர்டில் உள்ள வட்டப் பேட்டரியைக் கழற்றி அளந்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.3தான் இருந்தது. கணினியின் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரம் அந்த மின்சாரத்திலேயே ஓடும், பேட்டரி செலவாகாது. இடி மின்னலுக்கு அஞ்சி மாலையில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் இந்த மலையில் பல அலுவலகங்களில் உண்டு. அது நல்ல பழக்கம்தான். அதனால் ஒவ்வோர் இரவும் வார விடுமுறையும் கடிகாரத்தைப் பேட்டரியே சுமக்கிறது. குளிரில் தளர்ந்த பேட்டரியின் அழுத்தம் இன்னும் இறங்கும். ஆகவே இங்கே அந்தப் பேட்டரிகள் சீக்கிரம் தீர்வதில் வியப்பில்லை. விண்டோஸ் இணையத்திலிருந்து நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளுமே என்று கேட்கலாம். டொமைனில் (அலுவலகச் சர்வர் நிர்வகிக்கும் கணினிக் குழுவில்) சேராத கணினி இயல்பான அமைப்பில் நீண்ட இடைவெளியில்தான் நேரத்தைக் கேட்கும். வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் திருத்தவும் செய்யாது. இரண்டு பேட்டரிகளை மாற்றியதோடு, இரண்டு கணினிகள் மாற்றும் பட்டியலிலிருந்து வெளியே வந்தன.

நான்கு கணினிகளில் சிக்கல் மானிட்டர். 1024க்கு 768 அளவுள்ள பழைய சதுரத் திரைகளில், விலைப்பட்டியல் படிவத்தின் வலப்பக்கம் வெட்டுப்பட்டு, சேமிக்கும் பொத்தான் கண்ணுக்கே தெரியவில்லை. மானிட்டர்களை மாற்றினோம். இன்னொன்றில் டிஜிட்டல் கையொப்பம் உள்ள யூ.எஸ்.பி. டோக்கனுக்கு 64 பிட் டிரைவர் போடப்படவில்லை. எஞ்சிய இரண்டும் நான்காம் தலைமுறை ஐ5 ப்ராசசரும் 8 ஜி.பி. ரேமும் உள்ளவை, பட்டியல் கேட்டதைவிடக் கூடுதல் வலு. ஆனாலும் ஈ.ஆர்.பி. திறக்க ஐந்தாறு நிமிடம் ஆனது. சுழலும் தட்டுள்ள ஹார்டு டிஸ்க்தான் காரணம் என்று சொன்னபோது, மலை உயரத்தில் ஹார்டு டிஸ்க் சரியாக ஓடாது என்று ஒருவர் விளக்கம் தந்தார். பொதுவான ஹார்டு டிஸ்குகள் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம் வரை ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்டவை. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். உயரம் காரணமல்ல. இரண்டிலும் சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. போட்டதும் அரை நிமிடத்தில் திறந்தன. தேவைப் பட்டியலில் டிஸ்க் வகையைப் பற்றி எதுவும் இல்லை.

பொருந்தாதவை என்று ஒதுக்கப்பட்டவை

நான்கில் எஞ்சிய மூன்று கணினிகளையும் சோதித்தேன். இரண்டு, 2 ஜி.பி. ரேமோடு இருந்த ஐ3 கணினிகள். ரேமும் எஸ்.எஸ்.டி.யும் சேர்த்ததும் ஈ.ஆர்.பி. நன்றாகவே ஓடியது. கிடங்கில் இருந்த கோர் 2 டுயோ கணினியின் கதை வேறு. அதில் 64 பிட் விண்டோஸ் 10 ஏற்றி, 4 ஜி.பி. ரேம் போட்டபின் பட்டியலின் எல்லா வரிகளும் நிறைவேறின. ஆனால் மென்பொருளைத் திறந்தவுடன் மூடிக்கொண்டது; செய்தி எதுவும் வரவில்லை. நிகழ்வுப் பதிவில், ப்ராசசருக்குத் தெரியாத கட்டளை என்பதைக் குறிக்கும் பிழை எண் இருந்தது. மென்பொருளின் தரவுத்தளப் பகுதி எஸ்.எஸ்.இ. 4.2 என்ற கட்டளைத் தொகுதியைப் பயன்படுத்துகிறது. இன்டெல் அதை 2008இன் இறுதியில் வந்த அடுத்த தலைமுறையில்தான் சேர்த்தது. கோர் 2 வரிசையில் அது இல்லை. வேகத்தையும் கோர்களையும் மட்டும் கேட்கும் பட்டியலில் இந்தத் தடை எங்கும் வெளிப்படாது. விற்ற நிறுவனத்துக்கும் இது அதுவரை தெரியாது.

இதற்கிடையே விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிகிறது என்ற கெடுவும் இருந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், நம்பத்தக்க மென்பொருளை மட்டும் தொடக்கத்தில் ஓடவிடும் செக்யூர் பூட், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல் உள்ள ப்ராசசர் ஆகியவை வேண்டும். 21இல் ஆறு மட்டுமே தகுதி பெற்றன. அவற்றிலும் இரண்டில் டி.பி.எம். பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்பில்) அணைக்கப்பட்டு, டிஸ்கைப் பகுதி பிரிக்கும் முறை பழைய எம்.பி.ஆர். ஆக இருந்ததால் தகுதியில்லை என்றே சோதனை சொன்னது; பயோஸில் இயக்கி, டிஸ்கைப் புதிய ஜி.பி.டி. முறைக்கு மாற்றியபின் ஏற்றுக்கொண்டது. ஏழு மேசைகளில் திரையும் விசைப்பலகையும் தவிர வேறு கருவி இல்லை என்பதால், அங்கே லினக்ஸ் ஏற்றி, ஈ.ஆர்.பி.யைச் சர்வரிலேயே ஓட்டி, ரிமோட் டெஸ்க்டாப் வழியே காட்டினோம். இணைப்புக்கு ஆளுக்கோ கருவிக்கோ தனி உரிமம் வாங்க வேண்டும் என்பதைச் செலவில் சேர்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தோம். ஐந்து கணினிகளுக்குப் பதிலாக எட்டாம் தலைமுறைக் கணினிகள் பழையதாக வாங்கப்பட்டன. கிடங்கின் கோர் 2 டுயோ ஒதுக்கப்பட்டது. பேரலல் போர்ட் என்ற பழைய வகைத் துளையில் இணையும் பிரிண்டர்கள் உள்ள இரண்டு மேசைகள் மட்டும் கட்டண நீட்டிப்போடு விண்டோஸ் 10இலேயே தொடர்கின்றன. நிறுவனங்களுக்கான அந்த நீட்டிப்பு முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், பின் ஆண்டுதோறும் இரட்டிப்பு, மூன்று ஆண்டோடு சரி. அதற்குள் பிரிண்டர்களை மாற்றியாக வேண்டும்.

எடை மேடையை ரிமோட் டெஸ்க்டாப் முறைக்கு மாற்றச் சொல்லி இன்றும் கேட்கிறார்கள். சீரியல் போர்ட்டை நெட்வொர்க் வழியே சர்வருக்குக் கடத்த முடியும். ஆனால் மழைக்காலத்தில் இணைப்பு ஒரு நிமிடம் அறுந்தாலும் எடையும் சீட்டும் நின்றுபோகும் என்பதால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மேசையில் முழுக் கணினியே இருக்கிறது. எடையைத் தன்னிடம் பதிந்துகொண்டு பிறகு சர்வருக்கு அனுப்புகிறது.

இப்போது எந்த அலுவலகத்தில் இத்தகைய மென்பொருள் வரப்போகிறது என்றாலும், நான் முதலில் கேட்பது கணினியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பும்படிதான். எந்த வயர் எந்தத் துளையில் நுழைகிறது, அதன் மறுமுனையில் என்ன இருக்கிறது, அந்த மேசையில் உட்காருபவர் ஒரு நாளில் எதை அச்சிடுகிறார் என்பதை எழுதி வாங்கியபின்தான் ப்ராசசரையும் ரேமையும் பார்க்கிறேன். விற்பனை ஒப்பந்தத்துக்கு முன்பே மேசைக்கு ஒரு கணினியில் மென்பொருளை ஒரு முழுநாள் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும் வலியுறுத்துகிறேன். மென்பொருள் நிறுவனங்கள் இதை விரும்புவதில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இந்தத் தொழிற்சாலையில் எடை மேடைக் கணினியின் பக்கப்பலகையின் உட்புறத்தில், போர்ட் எண், வேகம் 2400 (நொடிக்கு இத்தனை பிட்), ஏழு பிட், இரட்டைப் பாரிட்டி, தாள் நீளம், பேட்டரி மாற்றிய தேதி ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம். கடந்த முறை எடை மேடையைச் சோதித்து அரசு முத்திரையிட்ட சமயத்தில் இன்டிகேட்டரும் மாற்றப்பட்டது. புதியது 9600 வேகத்தில் எட்டுப் பிட் அனுப்புவது. அன்று நான் உதகையில் இருந்தேன். எடை போடும் ஊழியரே அட்டையைப் பார்த்து, எந்த வரிகளை மாற்ற வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டுத் திருத்திவிட்டு, பழைய எண்களை அடித்து, புதியவற்றை அதே அட்டையில் எழுதினார். மாலை வண்டி வருவதற்குள் மேடை தயாராக இருந்தது.